ராணி ஸ்வேவாவின் கரண்டி

மாசோ செத்துப்போனதாக மொந்தெஸ்பினா அரசின் பெரிய பதிவேட்டில் எழுதப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பத்தரைக்கெல்லாம் அவன் உடம்பு சில்லிட்டுவிட்டது. அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் அது சூடாகவே இல்லை. மூச்சு இருந்தது, நாடி இருந்தது, பசி இருந்தது, பக்கத்தில் படுக்கப் பெண்டாட்டி நிகோலோசாவும் இருந்தாள். ஆனால் நாக்கில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. தேனும் உப்பும் அவனுக்கு ஒன்றுபோலச் சுண்ணாம்பாக இருந்தன. ஒரு முடிகூட நரைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் எழுதப்பட்டவன் முப்பத்திரண்டிலேயே நின்றுவிட்டான். ஊர் இரண்டு மாதம் இதைப் பற்றிப் பேசியது. அடுத்த ஜூன் பிறந்து வெயில் ஏறியதும் சந்தையிலுள்ள மீன்காரிகள் இதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். கடற்கரையிலிருந்து கழுதை மேல் மலையேறி வரும் மத்தி மீனில் ஒரு கூடையை அவன் மடியிலும், இரண்டை அவன் இரண்டு பக்கத்திலும் வைத்தால் சாயங்காலம் வரைக்கும் மீனின் கண் மங்காது. கூலி, நாளுக்கு ஆறு மத்தி. "அசையாம உக்காருய்யா மாசோ," என்பாள் மீன்காரி பெத்ரூச்சா. "அசைஞ்சா சூடாயிருவே, என் பொழைப்பு நாறிரும்." மாசோ அசையமாட்டான். அசையாமல் இருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. அவனுடைய வாழ்க்கையில் நடந்த எல்லாமே அவன் ஒருமுறை அசையாமல் நின்றதால் வந்ததுதான்.

செத்ததாக எழுதப்படுவதற்கு முன்னால் அவன் ராணி ஸ்வேவாவின் ருசி பார்ப்பவனாக இருந்தான். அரண்மனையில் அது மரியாதையான உத்தியோகம். பச்சைப் பட்டில் சட்டை, வெள்ளிப் பொத்தான், பெருநாளுக்கு ஒரு ஜோடிக் காலுறை. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ராணிக்கு வரும் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மென்று விழுங்க வேண்டும். மிசெரேரே ஜெபத்தை மனசுக்குள் முழுதாகச் சொல்லி முடிக்கிற நேரம் வரை நிற்க வேண்டும். பிறகு தலையைத் தாழ்த்தி "நல்லது" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை ராணி கரண்டியால் தட்டின் விளிம்பை மெல்லத் தட்டிக்கொண்டிருப்பாள். டிக், டிக். கோபத்தில் தட்டுவதில்லை, பசியில் தட்டுவது. பத்து வயதில் இந்த மலைநாட்டுக்கு மணமகளாக வந்த நாளிலிருந்து அவள் அந்த வார்த்தை கேட்காமல் ஒரு பருக்கை வாயில் வைத்தவளில்லை. அவளுடைய அம்மா அப்படிச் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மாவின் அம்மா எதனால் செத்தாள் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ராணியைப் பற்றி அன்றைக்கே இரண்டு விதமாகப் பேசினார்கள். ஆண்பிள்ளை மாதிரி காலை இரண்டு பக்கமும் போட்டுக் குதிரை ஏறினாள், கிரேக்கம் படித்தாள், ராஜா தூங்கும்போது ராஜ்யத்தை நடத்தினாள். ராஜா கால்வானோ பெரும்பாலும் தூங்கினார். உப்பு வரியை அவள் பாதியாகக் குறைத்தபோது சந்தை அவளை வாழ்த்தியது; அந்த வரியில் வாழ்ந்த பதினோரு பிரபுக்கள் வாழ்த்தவில்லை. அவர்களில் ஒருவர் முதல் மந்திரி. அந்த வருஷம் அறுவடைப் பெருநாள் விருந்துக்கு முன்தினம், சமையற்கட்டில் ஒரு பேச்சு கிளம்பியது: நாளைக்கு ராணியம்மா தட்டில் ஏதோ விழப்போகிறது. யார் சொன்னது, யார் கேட்டது என்று இல்லை. கரி மாதிரி, யார் கையில் பட்டாலும் ஒட்டிக்கொள்கிற பேச்சு. மாசோவின் காதிலும் பட்டது.

மறுநாள் மத்தியானம் விருந்து. ராணியின் தட்டில் கௌதாரிக் கறியையும் உலர்ந்த திராட்சையையும் மாவில் பொதிந்து சுட்டு வைத்திருந்தார்கள். மாசோ ஒரு வாய் எடுத்தான். மென்றான். விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி, வாயைத் துடைப்பதுபோல் சட்டைக்கையில் துப்பிக்கொண்டான். மிசெரேரேயை ஆரம்பித்து, முடித்து, மறுபடி ஆரம்பித்தான். "நல்லது" என்ற வார்த்தை வரவில்லை. பொய்யாகத் தலையாட்டுகிற அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை; உண்மையாக விழுங்குகிற அளவுக்குத் தைரியமும் இல்லை. ராணி தட்டிக்கொண்டிருந்தாள். டிக், டிக். அதுவரை பதினோரு காடைகளைத் தின்று முடித்திருந்த ராஜா கால்வானோ, பொறுமை கெட்டு, "என்னம்மா, நீ சாப்பிடப்போறதில்லைன்னா இப்படித் தள்ளு," என்று ராணியின் தட்டையும் இழுத்துக்கொண்டார். பழம் வருவதற்குள் ராஜா நீலமானார். மேசையில் மூன்று வைத்தியர்கள் இருந்தார்கள். ராஜாவின் முதுகில் முதலில் தட்டும் உரிமை அரண்மனை வைத்தியருக்கா, பல்கலைக்கழக வைத்தியருக்கா, அல்லது தலைமுறை தலைமுறையாக அந்த முதுகைப் பார்த்துவரும் குடும்ப வைத்தியருக்கா என்று அவர்கள் லத்தீனில் தர்க்கம் செய்தார்கள். தர்க்கம் நன்றாக இருந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். அது முடிந்தபோது ராஜாவும் முடிந்திருந்தார். மாசோ இது எதையும் பார்க்கவில்லை. அவன் தன் சட்டைக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொண்டையில் எலும்பு சிக்கி ஒரு ராஜா செத்தார் என்று எழுத முதல் மந்திரி சம்மதிக்கவில்லை. மொந்தெஸ்பினா ராஜாக்கள் வாளால் சாவார்கள், வயதால் சாவார்கள், மிஞ்சினால் விஷத்தால் சாவார்கள், எலும்பால் சாவதில்லை. ஆகவே விஷம் என்றார். விஷம் என்றால் ருசி பார்த்தவனும் செத்திருக்க வேண்டும். ஆகவே மாசோ செத்தான் என்றார். பதிவேட்டுக்காரர் செர் லாபோ அழகான கையெழுத்தில் அப்படியே எழுதினார். அந்த ஊர்ப் பதிவேட்டின் மை எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை ஒரு நெசவாளிக்கு மூன்று பிள்ளைகள் என்பதற்குப் பதில் இரண்டு என்று விழுந்துவிட்டது. மூன்றாவது பிள்ளைக்கு அதற்குப் பிறகு தன் வீட்டுக் கதவு கண்ணில் படவேயில்லை, நாற்பது வயது வரை தெருவில் தடவிக்கொண்டே திரிந்தான். எழுதியதை அடிக்கவோ சுரண்டவோ கூடாது, செய்தால் கை போகும். மை பாதி வேலையைச் செய்யும், மீதியை மனுஷன் தன் பயத்தால் முடித்துக்கொள்வான். மாசோ விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. சில்லிட்டது. "செத்தவனா இருந்தா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க" என்று அவன் அரண்மனைப் பக்கம் தலைகாட்டாமல் இருந்துகொண்டான்.

ராணியை விசாரித்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பசியாக இருந்தீர்கள், தட்டு முன்னால் இருந்தது, ஏன் சாப்பிடவில்லை? "மாசோ இன்னும் தலையாட்டலையே," என்றாள் ராணி. சபை சிரித்தது. செத்தவன் எப்படித் தலையாட்டுவான்? வடக்குக் கோபுரத்தில் அடைத்தார்கள். சாப்பாடு வேளாவேளைக்குப் போனது, நல்ல சாப்பாடுதான். ருசி பார்க்க ஆள் போகவில்லை. அவள் கரண்டியால் தட்டைத் தட்டியபடி காத்திருந்தாள். கீழே தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டது. பத்தொன்பதாம் நாள் சத்தம் நின்றது. விஷம் வைத்துப் பழகினவளுக்கு எந்தச் சோற்றையும் நம்ப முடியாமல் போனதே அவள் குற்றத்துக்கு அத்தாட்சி என்று செர் லாபோ எழுதினார். அடுத்த பக்கத்தில் உப்பு வரி பழையபடி உயர்ந்ததை எழுதினார். சான் வீத்தோ கோயிலின் வடக்குச் சுவரோரம், ஏணியும் துடைப்பமும் வைக்கும் மூலையில், பேரில்லாத ஒரு கல்லுக்கு அடியில் அவளைப் புதைத்தார்கள். அடக்கம் செய்து மூன்றாம் நாள் மத்தியானம் கல்லுக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று கேட்டது.

ஊர் இதற்கும் பழகிவிட்டது. கோயில் மணியை அடிக்கிறவன் குடிகாரன். ராணியின் கரண்டி ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. சந்தையில் தராசைக் கவிழ்த்து வைக்கவும், உலையில் பட்டாணி போடவும், ராணி தட்டுவதைத்தான் கணக்காக வைத்துக்கொண்டார்கள். "கொலைகாரி தட்டிட்டா, வாங்க சாப்பிடலாம்" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஒருவன் மட்டும் பழகவில்லை. மாசோ அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் மடியிலிருக்கும் மீன்கள் குலுங்கும். அது தனக்கான கேள்வி என்று அவனுக்குத் தெரியும். பதில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். சட்டைக்கையில் துப்பிய அந்த வாய்க் கறியை அவன் எறியவில்லை. எறிந்தால் நாயோ கோழியோ தின்னும், தின்றது சாகுமா பிழைக்குமா என்று பார்க்க வேண்டிவரும். மாட்டுக்கொம்பில் செய்த ஓர் உப்புச் செப்பில் போட்டு, அடுப்படிச் சுவரில் கல்லைப் பெயர்த்து உள்ளே வைத்தான். அவன் சில்லிட்டுப்போனான், அந்த ஒரு வாய் மட்டும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருபத்தொரு வருஷமாகச் சூடாக இருந்தது. சுவரின் அந்த இடத்தில் பூனை சாய்ந்து தூங்கும். நிகோலோசா அதன் பக்கத்தில் ரொட்டி மாவைப் புளிக்க வைப்பாள். ஏன் சூடு என்று அவள் கேட்டதில்லை. புருஷன் குளிர்ச்சியாக இருக்கும் வீட்டில் சுவராவது சூடாக இருப்பது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். விதவைகளுக்கென்று சகோதர சபை கொடுக்கும் ரொட்டியை வாரத்துக்கு இரண்டு தடவை கறுப்பு முக்காட்டோடு போய் வாங்கிவருவாள்; வாங்கிய ரொட்டியைச் செத்தவனோடு பகிர்ந்து தின்பாள்.

இருபத்தொன்றாம் வருஷம் வசந்தத்தில், ரனியெரோ என்ற இருபது வயதுப் பையன் ராஜாவானான். சிம்மாசனத்துக்கு அவனுக்கிருந்த ஒரே உரிமை ராணி ஸ்வேவாவின் அக்காள் பேரன் என்பது. விஷம் வைத்தவளின் பேரன் என்று பதிவேட்டில் இருப்பது கிரீடத்துக்கு அழகாக இல்லை. ராணியின் வாழ்க்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அரசாணை வந்தது. அதைச் செய்துமுடிக்கத் தலைநகரத் திருச்சபையின் பெரிய குரு, மொன்சிஞோர் அல்தோப்ராந்தோ வந்தார். அவருடன் நான்கு கோவேறு கழுதைகள் வந்தன, அதில் இரண்டில் தலையணைகள். இறங்கிய அன்றே ராணிக்கு நாற்பது நற்குணங்கள் இருந்ததாகக் கண்டுபிடித்தார், மறுநாள் நாற்பத்திரண்டாயின. பழைய ஆட்சியில் அரண்மனைப் படத்தில் ராணியின் கழுத்தில் பாம்பு வரைந்த அதே ஓவியனைக் கூப்பிட்டுப் பாம்பை மணிமாலையாக்கச் சொன்னார். அவன் ஆக்கினான். ஈரமான நாட்களில் மாலை கொஞ்சம் நெளியும் என்பதைத் தவிர வேறு குறையில்லை. தெருவில் பேச்சும் மாறியது. "அந்தம்மா அப்பவே உப்பு வெலைய எறக்கினவ, தெரியும்ல," என்றாள் பெத்ரூச்சா, முந்தின வாரம்வரை கொலைகாரி என்று சொன்ன அதே வாயால்.

மறுபரிசீலனை தொடங்கிய நாள் மத்தியானம், கரண்டிச் சத்தம் மாசோவுக்குக் கோயில் பக்கமிருந்து கேட்கவில்லை. அவன் வீட்டு மேசைக்கு அடியிலிருந்து கேட்டது. டிக், டிக். குனிந்து பார்த்தான், பூனை மட்டும் முடி சிலிர்த்து நின்றது. மறுநாள் இன்னும் கிட்டே, அவன் உட்கார்ந்திருந்த முக்காலிக்கு நேர் கீழே. மூன்றாம் நாள் அவனுடைய பற்களில் கேட்டது.

அன்றைக்கு செர் லாபோ வீடு தேடி வந்தார். எழுபது தாண்டிவிட்டது, கை மட்டும் நடுங்கவில்லை. காதில் இறகுப் பேனா செருகியிருந்தது. அதைப் பார்த்ததும் மாசோ சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"உக்காருங்கய்யா. அந்தப் பேனாவ மட்டும் வாசல்ல வச்சிட்டு வாங்க."

"மை இல்ல மாசோ. வெறும் இறகுதான்."

"வெறும் இறகுன்னுதான் அன்னைக்கும் சொன்னீங்க."

செர் லாபோ பேனாவைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னார். ராணியைக் குற்றமற்றவள் என்று மட்டும் எழுதினால் மொன்சிஞோருக்குப் போதவில்லை. புனிதை என்றே எழுதிவிடலாம் என்கிறார், ராஜாவுக்கும் அதுவே பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு அற்புதம் வேண்டும். தேட வேண்டியதே இல்லை. மாசோ செத்தான் என்று அரசுப் பதிவேட்டிலேயே இருக்கிறது, மாசோ சந்தையில் மீன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஊரே பார்க்கிறது. நடுவில் என்ன நடந்திருக்க முடியும்? ராணி ஜெபித்தாள், மாசோ எழுந்தான்.

"புனிதரா? எங்க வீட்டுக்காரரா?" என்றாள் நிகோலோசா.

"புனிதை ராணியம்மா. இவரு அற்புதம்."

"அற்புதமா! இருபத்தொரு வருஷமா இந்தாளு பக்கத்துல படுத்து நடுங்கறேன், கம்பளி மேல கம்பளி போடறேன். இது அற்புதம்னு ஒருத்தர் வந்து சொல்லலையே! அப்ப என் விதவை ரொட்டி?"

"அது நிக்காது. அற்புதத்தோட சம்சாரம்னு வேற ரொட்டி வரும்." செர் லாபோ இடுப்பிலிருந்து ஒரு நூலை எடுத்தார். "மாசோ, அந்த மோதிர விரல இப்படி நீட்டு."

"எதுக்குங்கய்யா?"

"அளவுக்கு. வெள்ளிப் பேழை செய்யச் சொல்லியிருக்கு. பீடத்துல அற்புதத்துக்கு அத்தாட்சியா வைக்க." நூலைச் சுற்றினார், முடிச்சுப் போட்டார். "உடனே இல்லப்பா. மொன்சிஞோர் நல்ல மனுஷன், அவசரப்படமாட்டாரு. பெருநாளுக்குள்ள ஆனா போதும்னுதான் சொன்னாரு. ஒத்த விரல்தான், அதுவும் இடது கை."

"நான் மாட்டேன்னா?"

செர் லாபோ நூலைச் சுருட்டி இடுப்பில் செருகினார். "நீ எழுந்து வந்தவன் இல்லைன்னா, சாகவே இல்லைன்னு ஆகுது. ராஜா செத்த தட்டுல ருசி பார்த்தவன் ஏன் சாகலைன்னு கேப்பாங்க. ருசியே பாக்காம நின்னவனுக்குச் சட்டத்துல என்ன இருக்குன்னு உனக்கே தெரியும்." கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று மாசோவுக்கு விளங்கவில்லை. அது விளங்காதது பயத்தை இரண்டாக்கியது.

அவர் போன பிறகு நிகோலோசா மாவு பிசையப் போனாள். பிசைந்தபடியே, திரும்பாமல் கேட்டாள். "ஏய்யா, அந்தச் செவுத்துக்குள்ள என்ன வச்சிருக்கே?"

மாசோ சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். கன்னத்தில் ஒதுக்கியது, சட்டைக்கை, இரண்டு மிசெரேரே, வராத வார்த்தை. அவள் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"அப்போ அந்தம்மா பத்தொம்பது நாளு தட்டிட்டு உக்காந்திருந்தது உனக்காகவா?"

"ஆமா."

"கீழ தெருவுல நாம நடந்து போனோமே. நீ என் கையப் புடிச்சிட்டு வேகமா நடடீன்னு இழுத்தியே."

"ஆமா."

"பாவி மனுஷா," என்றாள். பிறகு மாவை மூடி, வழக்கம்போலச் சுவரோரம் வைத்தாள். "அதுல விஷம் இருக்கா இல்லையா?"

"தெரியலடி. அதுதானே பயமே. இருந்தா அன்னைக்கு நான் முழுங்காததால தப்பிச்சேன். இல்லைன்னா அந்தம்மாவ நான்தான் கொன்னேன்."

மேசைக்கு அடியில் டிக், டிக் என்று கேட்டது. இந்தத் தடவை நிகோலோசாவுக்கும் கேட்டது. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு, அடியில் பார்த்து, ராணியிடம் பேசுவதா பூனையிடம் பேசுவதா என்று தெரியாத குரலில், "கொஞ்சம் பொறுங்கம்மா," என்றாள்.

விசாரணை கோயிலிலேயே நடந்தது. மூலையிலிருந்த ஏணியையும் துடைப்பத்தையும் அகற்றி, கல்லின் மேல் சிவப்பு வெல்வெட் விரித்திருந்தார்கள். தலையணைகளின் மேல் மொன்சிஞோர். பக்கத்தில் பதிவேடு, அதன் முன் மைக்கூட்டோடு செர் லாபோ. ஊர் முழுக்க வந்திருந்தது. மீன்காரிகள் மட்டும் மீனை நிழலில் விட்டுவிட்டு அரைமனதாக வந்திருந்தார்கள். மொன்சிஞோர் ராணியின் நாற்பத்திரண்டு குணங்களையும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். இருபத்தாறாவது குணமான பொறுமைக்கு வந்தபோது மத்தியானம் ஆனது. டிக் என்றது கல். மொன்சிஞோர் குரலை உயர்த்தினார். டிக், டிக். இன்னும் உயர்த்தினார். ராணியின் பொறுமையைப் பற்றி அவர் கத்திக்கொண்டிருந்தார், கல் தட்டிக்கொண்டிருந்தது. வெல்வெட் நடுவில் குதித்தது. மைக்கூடு மேசையின் ஓரத்துக்கு நகர்ந்தது. செர் லாபோ அதைப் பிடித்துக்கொண்டார். மாசோ நின்ற இடத்தில் அவனுடைய பற்கள் அந்தத் தாளத்துக்கு ஒன்றோடொன்று மோதின. அவன் விரும்பி மோதவில்லை.

"இவன்தான் அந்த மனிதன்!" மொன்சிஞோர் குணங்களை அப்படியே விட்டுவிட்டு மாசோவைக் காட்டினார். "சொல்லு மகனே. நீ செத்தேதானே?"

"எழுதியிருக்காங்க சாமி."

"ராணி உன்ன எழுப்பினாங்கதானே?"

மாசோ வாயைத் திறந்தான். ஆமாம் என்றால் ஒரு விரலோடு போகும். அந்தச் சின்ன வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. அங்கே, இருபத்தொரு வருஷத்துக்கு முன் கறி நின்ற அதே கன்னத்தில், ஒதுங்கி நின்றது. கல் இப்போது இடைவெளி விடாமல் தட்டியது. அவனுக்குக் கழுத்தில் சட்டம் தொடும் இடம் அரித்தது. காலையில் சுவரிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிவந்த கொம்புச் செப்பை வெளியே எடுத்தான்.

"சாமி, நான் சாகலை. நான் முழுங்கலை. வாயில வச்சு மென்னு சட்டைக்கையில துப்பிட்டேன். இந்தா இருக்கு. அவங்க சாப்பிடாததுக்கு நான் தலையாட்டாததுதான் காரணம். வேற ஒண்ணுமில்லை."

மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது. லவங்கப்பட்டையும் கௌதாரிக் கறியும் மணந்தன. முன்வரிசையில் யாருக்கோ வயிறு சத்தமாக உறுமியது.

"எழுதாதே! லாபோ, எழுதாதே!" என்றார் மொன்சிஞோர். முகம் வெல்வெட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது. "ஒரு புனிதையின் வரலாறு இவன் சட்டைக்கையிலயா கிடக்குது? டேய், அத மூடுடா! அதுல விஷம் இருந்தா ராணி பாவி. விஷம் இல்லைன்னா அற்புதம் இல்லை. ரெண்டும் நமக்கு ஆகாது. மூடு!"

"தலை போயிரும் மாசோ," என்றார் செர் லாபோ மெதுவாக.

மாசோ நிகோலோசாவைப் பார்த்தான். அவள் கறுப்பு முக்காட்டைத் தலையிலிருந்து எடுத்து, மடித்து, கையில் வைத்துக்கொண்டாள். மாசோ கல்லின் முன்னால் போய் நின்றான், பச்சைப் பட்டுச் சட்டை போட்டிருந்த காலத்தில் நின்ற மாதிரி, குதிகால்களைச் சேர்த்து. அந்த ஒரு வாயை எடுத்து நாக்கில் வைத்தான். பயத்தில் கண்ணீர் வழிந்தது. மென்றான். விழுங்கினான். அது இறங்குவதைக் கோயிலில் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு மிசெரேரே. அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஊர் முழுக்க மனசுக்குள் சொன்னது. எல்லோருடைய உதடும் அசைந்தது, மொன்சிஞோருடையதைத் தவிர. அவர் சாவைப் பார்க்காமலிருக்க முகத்தைத் தலையணையில் புதைத்திருந்தார். பாதி ஜெபத்தில் மாசோவின் கால் பெருவிரலில் ஏதோ நுழைந்தது. விஷம் என்று நினைத்தான். அது கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு, தொடைக்கு. அது சூடு. மார்புக்கு வந்தபோது நாக்கில் திராட்சை இனித்தது, பட்டை காரமாய் உறைத்தது, ஒரு மெல்லிய எலும்புத் துண்டு அண்ணத்தில் குத்தியது. கடைசி வரி முடிந்தது. அவன் சாகவில்லை. தலையைத் தாழ்த்தினான்.

"நல்லது," என்றான். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நாக்கு வேலை செய்ததால், உத்தியோக முறையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான். "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மிங்கம்மா."

தட்டுவது நின்றது. கல்லுக்கு அடியிலிருந்து வேறொரு சத்தம் வந்தது, ஒரு கரண்டி தட்டில் மெல்ல இறங்கி, எதையோ அள்ளும் சத்தம். பிறகு மெல்லும் சத்தம். அவசரமில்லாமல், நன்றாகப் பசித்தவர்கள் முதல் வாயைச் சாப்பிடும் விதத்தில். ஒருவர் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டு நிற்பது நாகரிகமில்லை என்று பெத்ரூச்சா முதலில் வெளியே போனாள், மற்றவர்களும் போனார்கள்.

மொன்சிஞோர் அன்று மாலையே தலையணைகளோடு கிளம்பினார். சாப்பிடுகிற புனிதையை எங்கும் படித்ததில்லை என்று தலைநகரில் சொன்னாராம். புதிய ராஜா ரனியெரோ வேறொரு பாட்டியைக் கண்டுபிடித்துக்கொண்டான். மாசோவின் தலையைப் பற்றிய கேள்வி அரசவைக்கு வந்தபோது செர் லாபோ பதிவேட்டை விரித்துக் காட்டினார். ருசி பார்க்காமல் நின்றவனுக்குச் சிரச்சேதம் என்பது சட்டம்தான். ஆனால் இவன் இருபத்தொரு வருஷத்துக்கு முன்னாலேயே செத்ததாக அரசே எழுதியிருக்கிறது. செத்தவனின் தலையை வெட்டினால் அரசுப் பதிவேடு பொய்யாகிவிடும். அரசவை யோசித்துப் பார்த்து, பதிவேட்டின் மானத்தைக் காப்பாற்றியது. ராணியைப் பற்றிய பக்கமும் அப்படியே இருக்கிறது. அதில் அவள் இன்னும் விஷம் வைத்தவள்தான். அதைப் படிக்கத்தான் ஆள் போவதில்லை.

ஒரு வாரத்தில் மாசோவுக்கு இருபத்தொரு வயது கூடியது. தலை நரைத்தது, இரண்டு பல் விழுந்தது, இடுப்பில் வலி வந்தது. மீன்காரிகள் அவனை வாயாரத் திட்டினார்கள். அந்த ஜூனில் மத்தி மீனெல்லாம் மத்தியானத்துக்குள் நாறியது. நிகோலோசா கம்பளிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சுவர் குளிர்ந்துவிட்டதால் அவளுடைய ரொட்டி பழைய மாதிரி உப்பவில்லை. பூனையும் மாசோவின் மடிக்கு இடம் மாறியது. மத்தியானம் ஆனதும் அவன் வீட்டில் செய்ததில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவான். கல்லின் முன் நின்று ஒரு வாய் சாப்பிடுவான், ஜெபம் முடியும்வரை நிற்பான், தலையைத் தாழ்த்திச் சொல்வான். உள்ளே கரண்டி இறங்கும். சத்தம் கேட்ட பிறகுதான் ஊர் தன் தட்டில் கைவைக்கும். முதல் வாயை எடுக்கும்போது ஒவ்வொரு நாளும் அவனுக்கு அந்தப் பழைய பயம் வந்தது. அது கடைசிவரை போகவில்லை. அவன் அதற்காகப் போவதை நிறுத்தவுமில்லை.

விசாரணைக்கு மறுநாள் நிகோலோசா ஒரு சிட்டிகை உப்பை உள்ளங்கையில் கொண்டுபோய்க் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அவளே கல்லைப் பெருக்கப் போய்ப் பார்த்தபோது உப்பு இல்லை. அடுத்த நாளிலிருந்து இரண்டு சிட்டிகையாக வைத்தாள்.